இதுல இன்னா போட்ருக்கீங்க?

எங்கள் லேபில் யார் எதைத் தின்னக் கொடுத்தாலும் அக்கா உடனே வாங்கிக்கொள்ள மாட்டார். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டு, "இதுல இன்னா போட்ருக்கீங்க?" என்பார். கொடுத்தவர் பதில் சொல்லி முடிக்கும் வரை அவர் முகத்தையே பார்ப்பார். பதிலில் அவருக்குத் திருப்தி வராது. கொண்டுவந்த பண்டம் கடைசியில் என் மேசைக்கு வந்து சேரும். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் நன்றாகச் சதை போட்டேன் என்றால் அது அக்காவின் புண்ணியம்.

கோயில் பிரசாதத்துக்கும் அதே கேள்விதான். மருந்துக்கும் அதே கேள்விதான். ஒருமுறை அவருக்கு ஜலதோஷம். கீழே இருந்த மருந்துக்கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் மாத்திரையை எடுத்து வைத்ததும் அக்கா ஆரம்பித்தார்.

"இதுல இன்னா போட்ருக்காங்க?"

"மாத்திரைல மருந்துதாம்மா போடுவாங்க."

"மருந்து ஒரு கடுகளவு இருக்கும். மீதி மாவு. அது இன்னா மாவுன்னு கேக்கறேன்."

கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவரே ஒரு தலைவலி மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார். அதில் என்ன மாவு என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை.

சேர்ந்த புதிதில் ரிப்போர்ட் போடும் உறையை நாக்கால் நனைத்து ஒட்டப் போனேன். அக்கா ஓடிவந்து என் கையைப் பிடித்தார். லேபில் எதையும் வாயில் வைக்கக் கூடாது, கிருமி இருக்கும் என்பதால் தடுக்கிறார் என்று நினைத்து நன்றி சொன்னேன். அவரோ, "அந்த பசை எதுல செஞ்சதுன்னு உனக்குத் தெரியுமா?" என்றார். ஐஸ்கிரீம் வாங்கினால் மேலே இருப்பதை மட்டும் கரண்டியால் வழித்துத் தின்றுவிட்டு, கூம்பு பிஸ்கட்டை டிஷ்யூ பேப்பரில் பிடித்து என்னிடம் தருவார். அதையும் நான்தான் தின்றேன்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். லேபில் எல்லோருக்கும் சீனியர். வீடு காஞ்சிபுரத்திலேயே பிள்ளையார்பாளையத்தில், கணவர் தறி போட்டிருந்தார். வீட்டில் பேசுவது தெலுங்கு, எங்களிடம் தமிழ். ஆனால் மைக்ரோஸ்கோப்பில் ரத்த அணுக்களை எண்ணும்போது மட்டும் அவர் உதடு தெலுங்கில்தான் அசையும். அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டால் எண்ணிக்கை தப்பிவிடும். பிறகு மத்தியானம் வரை யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

நான் பக்கத்துக் கிராமமான முசரவாக்கத்திலிருந்து வந்துபோனேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான்தான். தாத்தா காலம் வரை அடுத்தவர் கழனியில் வேலை. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்து வெள்ளைக் கோட்டுப் போட்டவள். அந்தக் கோட்டை அம்மாவிடம்கூடத் துவைக்கத் தர மாட்டேன். நானே துவைத்து, நானே தேய்த்து, பஸ்ஸில் போகும்போது பொத்தான்கள் வெளியே தெரியும்படி மடித்துக் கையில் வைத்துக்கொள்வேன். பையில் வைத்தால் யாருக்குத் தெரியும்?

முதல் சம்பளம் வாங்கிய மறுநாள் அம்மா விடியற்காலையில் எழுந்து கேசரி கிளறினார். முந்திரி, திராட்சை, ஏலக்காய் என்று எதிலும் குறை வைக்கவில்லை. பெரிய எவர்சில்வர் டப்பாவில் போட்டுத் துணியால் கட்டிக் கொடுத்தார். "மொதல்ல அந்தப் பெரிய அக்காவுக்குக் குடு. அப்பறம் மத்தவங்களுக்கு" என்று இரண்டு தடவை சொன்னார்.

அக்கா கேட்டார். "இதுல இன்னா போட்ருக்கீங்க?"

"ரவைதான்க்கா. கேசரி. எங்கம்மா செஞ்சது."

"எனக்கு வேணாம்மா."

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் மேசையில் நான் வைத்த டப்பாவைக் கையால் தொடாமல், பேனாவின் பின்பக்கத்தால் மெதுவாக என் பக்கம் தள்ளினார்.

இதில் நான் ஏன் அப்படிக் கொதித்தேன் என்று புரிய வேண்டுமானால் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா சத்துணவுக் கூடத்தில் சமைப்பவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறோர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தார்கள். அங்கே சில பிள்ளைகள் ஒரு மாதம் வரை தட்டை நீட்டவில்லை. யாரும் சண்டை போடவில்லை, ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. "பசிக்கல டீச்சர்" என்று மட்டும் சொன்னார்கள். அந்த ஊரில் எங்களைப் போலக் காலனியில் இருந்த பிள்ளைகளுக்கு மட்டும் எப்படித் தினமும் பசித்தது என்று யாரும் கேட்கவில்லை. அம்மா அந்த மாதம் முழுக்க ஆக்கிய சோற்றில் பாதியைக் கொட்டினார். அதற்குப் பிறகு யாராவது "வேணாம்" என்றால், அது எப்படிப்பட்ட வேணாம் என்று எங்கள் வீட்டில் உடனே கணக்குப் போட்டுவிடுவோம். பேனாவால் தள்ளிய வேணாமுக்கு எனக்குக் கணக்கே தேவைப்படவில்லை.

சாயங்காலம் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார்.

"அந்தக்கா சாப்ட்டாங்களா?"

"ரெண்டு தரம் வாங்கிச் சாப்ட்டாங்கம்மா."

அக்காவின் பங்கை பஸ் ஸ்டாண்டில் நின்று நானே தின்று தீர்த்திருந்தேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு பண்டம் எனக்கு ருசிக்கவில்லை.

மூன்று வாரம் அக்காவிடம் வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது. ஒரு நாள் மத்தியானம் அவர் தன் டிபன் டப்பாவை மூன்று சுற்றுத் துணியிலிருந்து பிரித்துக்கொண்டிருந்தபோது நேராகப் போய் நின்றேன்.

"அக்கா, எங்க வூட்டு சோறுன்னா உங்க தொண்டையில எறங்காதா?"

அவர் கை அப்படியே நின்றது. "யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? நானே பாத்தேன். எங்கம்மா குடுத்த டப்பாவப் பேனாவால தள்ளினீங்க."

"அய்ய! அந்த டப்பா மேலல்லாம் ரவை ஒட்டிக்கினு இருந்ததும்மா. கையில பட்டா, அதே கையால நான் சாப்ட..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தார். நான் எதை நினைத்துக் கேட்டேன் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். எழுந்து அலமாரியைத் திறந்து ஒரு பழைய ஃபைலை எடுத்து என் முன்னால் போட்டார். "படி. படிச்சவதான நீ."

அது அவருடைய ரிப்போர்ட்தான். ஏழு வருடத்துக்கு முன்னால் எடுத்தது. சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து கிள்ளி எடுத்த சதையின் பரிசோதனை. கீழே சீலியாக் நோய் என்று எழுதியிருந்தது. பாடத்தில் ஒரு பத்தி படித்திருக்கிறேன். தேர்வுக்கு வராது என்று தாண்டிவிட்ட பத்தி.

ரவையும் மைதாவும் கோதுமைதான். அந்தக் கோதுமையில் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. சப்பாத்தி மாவை இழுத்தால் ரப்பர் மாதிரி இழுபடுவது அதனால்தான். பார்லி மாதிரி ஒன்றிரண்டு தானியங்களிலும் அதே வகைப் புரதம் உண்டு. அது யார் வயிற்றிலும் முழுதாகச் செரிப்பதில்லை. சின்னத் துண்டுகளாக மிஞ்சும். மற்றவர்களுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. பிறவியிலேயே ஒருவகை உடல்வாகு கொண்ட சிலருக்கு மட்டும், அந்தத் துண்டுகள் குடலின் உள்சுவரைத் தாண்டிப் போனதும் விவகாரம் ஆரம்பிக்கிறது. அங்கே இருக்கும் ஒரு நொதி அவற்றைக் கொஞ்சம் மாற்றிவிடும். காவலுக்கு இருக்கும் வெள்ளை அணுக்கள், மாறிப்போன அந்தத் துண்டைப் பார்த்து எதிரி வந்துவிட்டான் என்று கூச்சல் போடும். கூட்டம் சேரும். சேர்ந்த கூட்டம் கோதுமையை ஒன்றும் செய்யாது. குடலின் உள்சுவரில் இருக்கும் நம் சொந்த அணுக்களை அடித்துக் கொல்லும். போதாததற்கு, அந்த நொதிக்கு எதிராகவே ரத்தத்தில் எதிர்ப்பொருள் தயாராகும். ரத்தப் பரிசோதனையில் நாங்கள் தேடுவது அதைத்தான்.

குடலின் உள்பக்கம் பூந்துவாலை மாதிரி இருக்கும். லட்சக்கணக்கான சின்ன விரல்கள் நீட்டிக்கொண்டு நிற்கும். சாப்பாட்டிலிருந்து சத்தை வாங்குவது அந்த விரல்கள்தான். இந்தச் சண்டையில் அவை தேய்ந்து மழுங்கி, துவாலை வெறும் துணியாகிவிடும். பிறகு என்ன சாப்பிட்டாலும் இரும்புச்சத்து ஒட்டாது, ரத்தம் ஊறாது. நாம் சோறு தின்னும் ஊர்க்காரர்கள் என்பதால் கோதுமை மேல் யாருக்கும் சந்தேகம் வராது. அக்காவும் பல வருடம் இரும்பு மாத்திரை விழுங்கி, அல்சருக்கு மருந்து குடித்து, வேண்டாத சாமியை எல்லாம் வேண்டிய பிறகுதான் யாரோ ஒரு டாக்டருக்கு இந்தப் பெயர் தோன்றியிருக்கிறது. இதற்கு மருந்து இல்லை. கோதுமை பக்கமே போகாமல் இருந்தால் சண்டை ஓய்ந்து விரல்கள் மறுபடி வளரும். துளி போனாலும் மறுபடி சண்டை.

படித்து முடித்ததும் எனக்குத் தோன்றியதை அக்காவிடம் சொல்லவில்லை. அவர் குடலும் அவரைப் போலவே சந்தேகப் பிராணி. என்ன, அக்கா கேள்வி கேட்டுவிட்டு ஒதுக்குவார். குடல் கேள்வியே இல்லாமல் அடிக்கும், அதுவும் சொந்த வீட்டுச் சுவரை.

"சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன்.

"சொன்னா இன்னா ஆவும்? ஒரு வாய்தான, ஒண்ணும் ஆவாதும்பாங்க. ஊட்டியே வுட்ருவாங்க. ஆளாளுக்குக் கஷாயம் வெச்சிக் குடுப்பாங்க. இவளுக்கு நோவுன்னு சொல்றத வுட, இவளுக்குத் திமிருன்னு சொல்லிட்டுப் போட்டும். திமிருக்கு யாரும் கஷாயம் வெக்க மாட்டாங்க."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்கம்மா இன்னா நெனச்சாங்க?" என்றார்.

"நீங்க ரெண்டு தரம் வாங்கிச் சாப்ட்டதா நெனச்சிக்கினு இருக்காங்க."

அக்கா சிரிக்கவில்லை. "அப்ப ஒருநாள் வந்து சாப்ட்ருவோம்" என்றார்.

வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மாவுக்கு நோய் விஷயத்தை முன்கூட்டியே சொல்லியிருந்தேன். கேசரி விஷயத்தில் நான் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொல்லித் திட்டு வாங்கியிருந்தேன். அக்கா சமையலறை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினார்.

"மொளகாத்தூளு கடையில வாங்கினதா?"

"இல்லம்மா. காய வெச்சி மில்லுல அரைச்சது."

"அந்த மில்லுல கோதுமையும் அரைப்பாங்களே?"

"மொளகாவுக்குத் தனி மிஷினு. அதுல கோதுமைய அரைச்சா சப்பாத்தி துன்றவன் மில்லுக்காரன சும்மா வுடுவானா?"

"கொழம்பு கெட்டியாவறதுக்கு மாவு கரைச்சி ஊத்துவீங்களா?"

"அது மண்டபத்துச் சமையல்ல ஊத்துவாங்க. என் கொழம்பு தானா கெட்டியாவும்."

"கருவாட்டுல?"

"கருவாட்டுல கருவாடுதாம்மா."

அப்பா வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, "பாஸ்போர்ட்டுக்குக்கூட இத்தினி வெரிபிகேஷன் கெடையாதுபா" என்றார். அக்காவுக்குக் கேட்டது. கேட்காதது போல இருந்தார்.

பிறகு சாப்பிட்டார். கருவாட்டுக் குழம்புக்கு மூன்று முறை சோறு வாங்கினார். நான் அவரை அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை; லேபில் தன் சொந்த டப்பாவிலிருந்தே ஏதோ தடயம் தேடுவது மாதிரிதான் சாப்பிடுவார். ரசம் வந்தபோது மட்டும் ஒரு குறை சொன்னார்.

"பெருங்காயம் போடலியா? ரசம் மொட்டையா இருக்குது."

"எங்க வூட்ல பூண்டுதாம்மா. காயம் வாங்கிப் பழக்கமில்ல."

அக்கா தன் கைப்பையைத் திறந்து கட்டைவிரல் அளவு ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். தன் தட்டில் இருந்த ரசத்தின் மேல் இரண்டு தட்டுத் தட்டினார். மோரிலும் இரண்டு தட்டு. "வாயுவுக்கு நல்லதும்மா. என் வயிறு இதாலதான் ஓடுது."

கை கழுவும்போது, "ஏழு வருஷம் ஆச்சி, அடுத்தவங்க கையால சாப்ட்டு" என்று பொதுவாகச் சொன்னார். அம்மா சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். அக்காவின் கை எப்போதோ சுத்தமாகிவிட்டிருந்தது.

அவர் போன பிறகுதான் அம்மா முணுமுணுத்தார். "நான் வெச்ச ரசத்துக்கு அவங்க பவுடரு பூசறாங்க."

ஆனாலும் மறுவாரமே அம்மா சந்தைக்குப் போய்ப் புதிதாக ஒரு சட்டியும் கரண்டியும் வாங்கிவந்தார். உப்புமா படாத சட்டி. எங்களில் யாராவது தொட்டால் கையில் அடி விழும். மாதம் இரண்டு ஞாயிறு அக்கா வருவார். ஒவ்வொரு முறையும் முழு விசாரணை நடக்கும். அம்மா ஒவ்வொரு முறையும் முதல் தடவை பதில் சொல்வது மாதிரியே சொல்வார். எங்கள் தெருவில் அம்மாவின் நடை கொஞ்சம் மாறியதை நான் கவனித்தேன். டவுனிலிருந்து ஒருவர் மெனக்கெட்டு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார் என்பது சின்ன விஷயமில்லை.

எட்டு மாதம் இப்படிப் போனது. பிறகு அக்கா படியேறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தார். ஒரு நாள் தன் ரத்தத்தைத் தானே எடுத்துத் தானே மெஷினில் வைத்துப் பார்த்தார். ஹீமோகுளோபின் நன்றாக இறங்கியிருந்தது. எதிர்ப்பொருளின் அளவு ஏறியிருந்தது. வயிற்று டாக்டர் மறுபடி குடலிலிருந்து சதை எடுக்கச் சொன்னார். எடுத்த சதை எங்கள் லேபுக்கே வந்தது. அக்கா குப்பியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"நீதான் வெட்டணும். வேற யாரும் தொடக் கூடாது."

யாரையும் எதற்கும் நம்பாதவர் தன் குடலை என்னிடம் நம்பிக் கொடுத்தார். எனக்கு இருந்த பெருமையில் அவர் நோயாளி என்பதே ஒரு நிமிடம் மறந்துபோனது.

எள் அளவில் நாலைந்து துண்டுகள். அவற்றைச் சரியாகப் பக்கவாட்டில் நிறுத்தி மெழுகில் பதிக்க வேண்டும். படுக்கப் போட்டால் நல்ல விரலும் மழுங்கியது மாதிரி தெரியும், ரிப்போர்ட் தப்பாகிவிடும். நான் மூச்சை அடக்கிப் பதித்தேன். மெழுகு இறுகியதும் இழையாக வெட்டி, வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி, சாயம் ஏற்றினேன். அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று, "மடிப்பு வுழாம பாத்துக்கோ" என்றார். பட்டுப் புடவை மடிப்பவர்களிடம் மாமியார்கள் இப்படித்தான் நிற்பார்கள்.

மாலையில் எங்கள் லேப் டாக்டர் அதை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். இளஞ்சிவப்பு நிறத்தில் குட்டையான, மழுங்கிய விரல்கள். உள்சுவர் அணுக்களுக்கு நடுவே ஊதா நிறப் புள்ளிகள், வரிசையில் இடித்துப் புகுந்தவர்கள் மாதிரி, எங்கே பார்த்தாலும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு காவல் அணு. ஏழு வருடம் பத்தியம் இருந்தவரின் குடல் இது என்று நம்ப முடியவில்லை.

"சண்டை இன்னும் நடக்குதும்மா" என்றார் டாக்டர். "எங்கேயோ கோதுமை உள்ளே போய்க்கிட்டே இருக்கு."

அக்கா ஒரு நோட்டில் தான் சாப்பிடுவதை எல்லாம் எழுதினார். எழுதிக்கொண்டே, "இந்த வருஷம் புதுசா சேந்தது ஒண்ணே ஒண்ணுதான்" என்றார். அந்த ஒன்று எது என்று சொல்லாமல் நோட்டை மூடிவிட்டார்.

அந்த ஞாயிறு அவர் வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. அம்மா இரண்டு முறையும் புதுச் சட்டியில் சமைத்திருந்தார். இரண்டாவது முறை மூன்று மணி வரை பார்த்துவிட்டு, சட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

"நம்ம வூட்டு சோத்தாலதான்னு நெனச்சிக்கினாங்களா?"

அம்மா சமையல் அலமாரியைத் திறந்து பொட்டலம், பாக்கெட், டப்பா என்று ஒவ்வொன்றாக எடுத்து ஒரு கட்டைப்பையில் போட ஆரம்பித்தார்.

"இன்னாம்மா பண்ற?"

"எடுத்துக்கினு போ. மிஷின்ல வெச்சிப் பாரு. எதுல இருக்குதுன்னு கண்டுபுடி. என் சோத்தால ஒருத்தங்களுக்கு நோவு வந்துச்சுன்னா நாளைக்கு நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு கொழந்தைங்களுக்கு ஆக்கிப் போடுவேன்?"

திங்கட்கிழமை அந்தக் கட்டைப்பையை அக்காவின் மேசையில் வைத்தேன். சாப்பாட்டு வேளையில் இருவரும் உட்கார்ந்தோம். உப்பு, புளி, மல்லி, மஞ்சள், கடுகு, எண்ணெய். பாக்கெட்டில் எழுதியிருந்த ஒவ்வொரு எழுத்தையும் நான் படிக்க, அக்கா டிக் அடித்தார். ஒன்றும் அகப்படவில்லை. கருவாட்டில் கருவாடுதான்.

அக்காவுக்கு என்னை நிமிர்ந்து பார்க்கச் சங்கடமாக இருந்தது. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை.

"அக்கா, எங்க வூட்டுக்கு நீங்க எத்தினி மாசமா வர்றீங்க?"

"எட்டு மாசம்."

"அந்த எதிர்ப்பொருள் நம்பரு எப்பவாச்சும் நார்மலுக்கு வந்திருக்குதா?"

அவர் யோசித்தார். "எறங்கும். ஆனா நார்மலுக்கு வந்ததேயில்ல. எங்கியோ கொஞ்சம் போவுதுன்னு டாக்டருங்க சொல்லிக்கினேதான் இருந்தாங்க."

"அப்ப எட்டு மாசத்துக்கு முன்னாடியும் போயிருக்குது. எங்க வூட்டுப் பை முடிஞ்சிது. இப்ப உங்க பையக் கொட்டுங்க."

"என் பையையா?" அந்த 'யா'வில் இருந்த அவமானத்தை என்னால் எழுத முடியாது. ஊரையே விசாரித்தவரை யாரும் அதுவரை சோதனை போட்டதில்லை. ஆனாலும் கொட்டினார். சீப்பு, பஸ் டிக்கெட், குங்குமம், கண்ணாடித் துணி. கடைசியாக அந்தக் கட்டைவிரல் டப்பா உருண்டு வந்து மேசை ஓரத்தில் நின்றது.

"இது எத்தினி வருஷமா வெச்சிருக்கீங்க?"

"நோவு தெரிஞ்சதிலேர்ந்து. வயித்துக்கு நல்லதுன்னு பக்கத்து வூட்ல சொன்னாங்க. ஏய், அது வெறும் பெருங்காயம்மா!"

"இதுல இன்னா போட்ருக்காங்க?" என்றேன்.

மேலே ஒட்டியிருந்த தாள் அவர் விரல் பட்டுப் பட்டு வெளுத்துப்போயிருந்தது. ஒரு எழுத்தும் தெரியவில்லை. இருவரும் கீழே இறங்கி முனையில் இருந்த மளிகைக்கடைக்குப் போனோம். அதே மாதிரி ஒரு புது டப்பா கேட்டேன்.

"காயத்துல இன்னாம்மா படிக்கறே? காயத்துல காயம்தான் இருக்கும்" என்றார் கடைக்காரர்.

எறும்பு மாதிரிச் சின்ன ஆங்கில எழுத்துகள். வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். கூட்டுப் பெருங்காயம் என்று இருந்தது. அதன் கீழே முதலில் கோந்து, அடுத்து கோதுமை மாவு, அதற்கும் அடுத்துத்தான் பெருங்காயம். சுத்தப் பெருங்காயம் காரம் தாங்காது, ஒட்டும் என்பதால் மாவு கலந்துதான் விற்பார்களாம். கடைக்காரருக்கே அப்போதுதான் தெரிந்தது. அவர் எல்லா டப்பாவையும் இறக்கிப் படிக்க ஆரம்பித்துவிட்டார். அரிசி மாவு கலந்த ஒன்றைக் கண்டுபிடித்து, தானே தயாரித்தது மாதிரி நீட்டினார்.

அக்கா அங்கே இருந்த அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

"வயிறு வலிச்சா ரெண்டு தட்டு சேத்துத் தட்டுவேன்" என்றார். "தட்டினா வலிக்கும். வலிச்சா மறுபடி தட்டுவேன். ஏழு வருஷம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது, வந்துவிட்டது. அக்கா என்னை முறைத்தார். "சிரி, நல்லா சிரி. படிச்சவ இல்ல?" என்றவர் உதட்டைக் கடித்துப் பார்த்தார், முடியவில்லை. அவர் சிரித்ததில் மூட்டையிலிருந்து அரிசி சிந்தியது.

அக்கா இப்போது காஞ்சிபுரத்தில் இல்லை. மகன் வேலை கிடைத்துப் போன ஊருக்கே போய்விட்டார். பெருங்காயத்தை விட்ட அடுத்த வருடம் அந்த எண் முதன்முதலாக நார்மலுக்கு வந்தது. அந்தப் பரிசோதனையையும் நான்தான் செய்தேன். ரத்தமும் ஊறியது, படியேறினால் மூச்சு வாங்குவது நின்றது. கேள்வி கேட்பது மட்டும் நிற்கவில்லை. பக்கத்தில் இருக்கும் பாவப்பட்டவர்கள் யாரோ இப்போது அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது, மளிகைக்கடைக்குப் போன அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைதான். முன்கூட்டிச் சொல்லாமல் வந்து வாசலில் நின்றார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அம்மா உள்ளே வாங்க என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். பெருங்காயக் கதையை நான் முன்பே சொல்லியிருந்தேன். அம்மா கேட்க விரும்பியது என் வாயால் அல்ல.

"உங்க சோத்துமேல தப்பு இல்லம்மா" என்றார் அக்கா. "நான்தான் தப்பா நெனச்சிட்டேன்."

"வயிறு நோவறவங்க எதையாச்சும் நெனைக்கத்தான் நெனைப்பாங்க" என்றார் அம்மா, திரும்பாமல். "குந்துங்க. சோறு ஆயிட்ச்சி."

கவிழ்த்து வைத்திருந்த சட்டியை நிமிர்த்திக் கழுவி அடுப்பில் வைத்தார். குழம்பு கொதித்தது. தட்டு வந்தது, சோறு வந்தது. அக்கா வாயைத் திறக்கவில்லை. மிளகாய் மில் பற்றி இல்லை, மாவு பற்றி இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, தண்டனை வாங்கியவர் மாதிரி குழம்புக்காகக் காத்திருந்தார்.

அம்மா கரண்டி நிறையக் குழம்பைத் தட்டுக்கு மேல் கொண்டுவந்து, ஊற்றாமல் அப்படியே நிறுத்தினார்.

"கேளுங்க."

"வேணாம்மா. எல்லாம் தெரியுமே."

"இன்னிக்கு வாங்கின கருவாடு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? உங்க ஒடம்பு, நீங்கதான் கேக்கணும். மரியாதைக்குன்னு கேக்காம சாப்ட்டுட்டு நாளைக்குப் படுத்தீங்கன்னா எனக்குதான் கெட்ட பேரு. கேளுங்க. கேக்கற வரைக்கும் ஊத்த மாட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் உத்திரத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார்.

கருவாட்டை எந்தக் கூடைக்காரியிடம் வாங்கியது, அவள் கூடையில் வேறு என்ன இருந்தது, புளி போன மாதத்துப் புளியா, எண்ணெய் அப்பளம் பொரித்த எண்ணெயா என்று ஆரம்பித்துக் கடைசியில் கரண்டி வரை வந்தார். அம்மா ஒன்றுக்கும் சளைக்கவில்லை. கரண்டியை இறக்கவும் இல்லை. அப்பா இரண்டு சவாரி போய்விட்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டு மூன்றாவது சவாரிக்குப் போனார். விசாரணை முடிந்தபோது சோறு ஆறிப் போயிருந்தது. அக்கா ஆறிய சோற்றையே மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.